சென்னை – கன்னியாகுமரி, கடலை ஒட்டியே காரில்: எத்தனை நாள், எங்கே திரும்புவது?

#1 வேளச்சேரிக்காரன்

ஜனவரி கடைசி வாரம் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகவே போகத் திட்டம். திருச்சி, மதுரை நெடுஞ்சாலை வேண்டாம், கடலைப் பார்த்துக்கொண்டே போகணும். பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். ஓட்ட ரெண்டு பேர். கூட 68 வயது அம்மா, 7 வயதுப் பையன். சுமார் 800 கி.மீ. என்று கணக்கு. நாலு நாள் போதுமா? ராத்திரியில் ஓட்டினால் ஒரு நாள் மிச்சமாகுமா? திரும்பும்போது மதுரை வழியாக ஒரே மூச்சில் வந்துவிடுவோம்.

#2 மேப்பைநம்பாதே

ராத்திரி ஓட்டினால் மிச்சமாவது நாள், காணாமல் போவது கடல். அதற்கு மதுரை வழியே போகலாமே.

#3 ஈசிஆர்_சுற்றி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஈசிஆர் என்று பெயர்தான், ஓட்டுநர் சீட்டிலிருந்து கடல் தெரியும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம். முட்டுக்காடு முகத்துவாரம், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே சில துண்டுகள், அப்புறம் நேராகப் பாம்பன் பாலம். மற்ற இடமெல்லாம் சவுக்குத்தோப்பு, உப்பளம், வயல், சீமைக்கருவேலம். ஆகவே பயணம் என்பது இந்தச் சாலையில் போவது இல்லை. எந்தெந்த ஊரில் இறங்கிக் கடற்கரைக்குப் போகிறீர்கள் என்பதுதான். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், கடல் எப்போதும் இடதுபக்கம். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் திரும்பிவிடலாம். அந்த வகையில் நீங்கள் பிடித்த திசை சரி.

கன்னியாகுமரி போய்ச் சேர ஆறு நாள், ஐந்து இரவு வையுங்கள்.

முதல் நாள் புதுச்சேரி, 150 கி.மீ. விடிகாலை 5.30-க்குத் திருவான்மியூரைத் தாண்டினால் ஏழுக்குள் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் ஒரே சீட்டு. காலை ஆறுக்கே திறந்துவிடும். ஒன்பது மணிக்குமேல் பஸ் கூட்டம் வந்துவிடும், பாறையும் சுடும். அடுத்து கடப்பாக்கத்தில் இடதுபுறம் திரும்பி ஆலம்பரைக் கோட்டை. இடிந்த செங்கல் மதில், கீழே உப்பங்கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். அம்மா நடக்க அதிகம் இல்லை, ஆனால் நிழல் அறவே கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் அஞ்சு நிமிஷம் நிறுத்தினால் பையனுக்கு உப்பு எப்படி விளைகிறது என்று காட்டிவிடலாம்.

ரெண்டாம் நாள் புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணி, சுமார் 165 கி.மீ. நடுவே பிச்சாவரம், தரங்கம்பாடி. மூன்றாம் நாள்தான் நீளம், வேளாங்கண்ணியிலிருந்து ராமேஸ்வரம் 240 கி.மீ. அளவு. கோடியக்கரைக்குள் போனால் இன்னும் கூடும். நான்காம் நாள் ராமேஸ்வரத்திலேயே. ஐந்தாம் நாள் தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர், 220. ஆறாம் நாள் காலை மணப்பாடு, மதியம் கன்னியாகுமரி, 90. அங்கே ஒரு ராத்திரி தங்கி ஏழாம் நாள் திரும்புங்கள்.

நாலு நாளில் முடிக்கணும் என்றால் ஒன்றைக் கைவிடுங்கள்: புதுச்சேரியைச் சாப்பாட்டோடு கடந்துவிட்டு முதல் ராத்திரியே தரங்கம்பாடி அல்லது காரைக்கால். புதுச்சேரிக்கு எந்த வார இறுதியிலும் போகலாம், தெற்கே இருப்பதற்கு அப்படி முடியாது.

#4 வேளச்சேரிக்காரன்

ஆறு நாள் லீவு எடுத்துவிடுகிறேன். புதுச்சேரியில் வண்டியைக் கடற்கரைச் சாலையிலேயே நிறுத்தலாமா?

#5 மேப்பைநம்பாதே

மாலை 6-இலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். லாட்ஜ் பார்க்கும்போதே பார்க்கிங் உண்டா என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். பிரெஞ்சுப் பகுதியில் பல பழைய வீட்டு விடுதிகளுக்கு வாசல் திண்ணைதான் உண்டு, கார் நிற்க இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெட்ரோல் டேங்கைப் புதுச்சேரியில் நிரப்புங்கள், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. காரைக்காலும் அதே யூனியன் பிரதேசம். வேளாங்கண்ணி போகும் வழியில் மறுபடி நிரப்பலாம். அதற்குத் தெற்கே தமிழ்நாட்டு விலைதான். மது பாட்டில் மட்டும் வாங்கி டிக்கியில் வைக்காதீர்கள். எல்லைச் சோதனைச்சாவடியில் பிடித்தால் வண்டியோடு எடுத்துக்கொள்வார்கள். இது வாட்ஸப் கதை இல்லை.

#6 நாகைவாசி

ரெண்டாம் நாளில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஈசிஆர்_சுற்றி அதைத் தொடவில்லை. சிதம்பரம் நடராஜர் கோயில் மதியம் பன்னிரண்டுக்குச் சாத்தினால் மாலைதான் திறப்பு. பிச்சாவரம் படகும் காலையில்தான் நன்றாயிருக்கும். ரெண்டும் வேணும் என்றால் புதுச்சேரியில் காலை 5.30-க்குக் கிளம்பணும். முதலில் பிச்சாவரம், 8 மணிவாக்கில் படகு, 10.30-க்குச் சிதம்பரம், 11.45-க்கு வெளியே. தலைகீழாகப் போட்டால் உச்சிவெயிலில் படகில் உட்காரணும்.

பிச்சாவரத்தில் மோட்டார் படகு எடுக்காதீர்கள். அது அகலக் கால்வாயில் ஒரு வட்டம் போட்டுத் திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னைக் காட்டுக்குள், வேர்கள் தலைக்குமேல் வளைந்து நிற்கும் சந்துகளுக்குள் நுழையும். படகுக்காரரிடம் தில்லை மரம் எது என்று கேளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது அந்த மரத்தால்தான். கிளையை ஒடித்துப் பார்க்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. பையன் கையை நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடிக்கு மூணு மணிக்குப் போனால் போதும். டேன்ஸ்போர்க் கோட்டை 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர்வாசல் 1792-இல் எடுத்துக் கட்டியது, அதற்குள் காரும் போகும். உள்ளே ராஜவீதி நேராகக் கடலில் முடிகிறது. காரை வாசலுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு நடங்கள். இந்தப் பயணத்தில் சாலையும் கடலும் முட்டிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தனுஷ்கோடிக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

இன்னொன்று. ஜனவரி, பிப்ரவரியில் டெல்டாவில் சம்பா அறுவடை. சீர்காழிக்குத் தெற்கே உள்சாலைகளில் பாதிச் சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். ஓரத்தில் கல்லோ கட்டையோ அடுக்கி வைத்திருப்பார்கள். பகலில் அது வேடிக்கை, இருட்டில் அது விபத்து. வைக்கோல்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். அறுவடை நேரத்தில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் எப்போதும் இருக்கும்.

#7 சேதுக்கரை

மூணாம் நாளைப் பத்தி நான் சொல்றேன். வேளாங்கண்ணியில காலை ஆறுக்குக் கிளம்பிடுங்க. வேதாரண்யம் வந்து அங்கேருந்து கோடியக்கரை பத்துப் பன்னெண்டு கி.மீ.; போன வழியிலேயேதான் திரும்பி வரணும். சரணாலயத்துக்கு வனத்துறை நுழைவுச் சீட்டு வாங்கிக்குங்க. வெளிமான் புல்வெளியில மேயுறது காலையில கண்ணுக்குக் கிடைக்கும். வெயில் ஏறினா நிழலுக்குப் போயிடும். பூநாரை ஜனவரியில இருக்கும், ஆனா தண்ணி எவ்வளவு நிக்குதுங்கிறதைப் பொறுத்து தூரத்துல வெள்ளைக் கோடாத்தான் தெரியும். பைனாகுலர் இல்லாம போனா ஏமாத்தம்தான்.

அங்கேருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம். மல்லிப்பட்டினத்துப் பக்கம் மனோரா, ரோட்டை ஒட்டினாப்ல எட்டு நிலை அறுகோணக் கோபுரம். நெப்போலியன் தோத்ததுக்கு ரெண்டாம் சரபோஜி எழுப்பின நினைவுச்சின்னம். எங்கேயோ நடந்த சண்டைக்கு இங்கே செங்கல்லு. மதியச் சாப்பாட்டை அதிராம்பட்டினத்துலயே முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் மீமிசல், தொண்டி வரைக்கும் ஊர் வரும் போகும், குடும்பத்தோட உட்கார்ந்து சாப்பிட, கழிப்பறை போக வசதியான இடம் ரொம்பக் குறைவு. அம்மா வர்றாங்கன்னு சொல்றீங்க, அதனால பெட்ரோல் போட்டாலும் போடாட்டியும் நல்ல பங்க் கண்ட இடத்துல நிறுத்திக்குங்க.

தொண்டிக்குத் தெற்கே ரோடு நேர்க்கோடு. வேகம் தானா ஏறும். கருவேலங்காட்டுலேருந்து ஆடு கூட்டமா குறுக்கே வரும். ஒரு ஆடு தாண்டிடுச்சுன்னா மிச்சம் இருபதும் தாண்டும், நடுவுல புகுந்து போகலாம்னு கணக்குப் போடாதீங்க. சாயங்காலம் அஞ்சு, ஆறு மணிதான் அதுங்க வீடு திரும்புற நேரம். ஜனவரி கடைசியில ஆறேகாலுக்குப் பொழுது சாஞ்சிடும். ஆகவே நாலரைக்குள்ள ராமநாதபுரம், அஞ்சரைக்குப் பாம்பன். இதுதான் கணக்கு.

#8 மேப்பைநம்பாதே

#7 சொன்ன கணக்கில் கோடியக்கரை, மனோரா ரெண்டும் அடங்காது. ஆறு மணிக்குக் கிளம்பி, சரணாலயத்தில் ரெண்டு மணி நேரம், 45–50 கி.மீ. சராசரி வேகம், சாப்பாடு, அம்மாவுக்கு ரெண்டு ஓய்வு... ராமநாதபுரத்தைத் தொடும்போது ஆறு தாண்டிவிடும். ஒன்று கோடியக்கரையை விடுங்கள், அல்லது ராமநாதபுரத்திலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை பாம்பனைக் கடங்கள்.

#9 சேதுக்கரை

சரிதான், ஒத்துக்கிறேன். ராமநாதபுரத்துல தங்குங்க. காலை வெளிச்சத்துல பாம்பன் இன்னும் நல்லாருக்கும். அதோட தேவிபட்டினம் நவபாஷாணத்தையும் மூணாம் நாள் மாலையே வழியில பார்த்துடலாம்.

பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல திறந்தது, ரெண்டே கால் கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. பக்கத்துல பழைய ரயில் பாலம் 1914, தூக்குப் பாலத்தோட புது ரயில் பாலம் 2025 ஏப்ரல்ல வந்தது. ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்தக் கூடாது. எல்லாரும் நிறுத்துறாங்க, அதனாலதான் அங்கே எப்பவும் முட்டல். பாலம் முடிஞ்சு இறங்கினதும் பாம்பன் ஊருக்குள்ள வண்டியை விட்டுட்டு நடந்து வந்து பாருங்க.

கிளம்புற முன்னாடி காலண்டர்ல தை அமாவாசை எப்போன்னு பாத்துக்குங்க. ஜனவரி பாதியிலேருந்து பிப்ரவரி பாதிக்குள்ள அது விழும். அன்னிக்கும் முதல் நாளும் ராமேஸ்வரத்துல ரூமும் கிடையாது, வண்டி திரும்ப இடமும் கிடையாது. தைப்பூசமும் அதே தை மாசம்தான். திருச்செந்தூர் ரோட்டுல பச்சை வேட்டியோட பாதயாத்திரைக்காரங்க ராத்திரியெல்லாம் நடப்பாங்க.

#10 வேளச்சேரிக்காரன்

தனுஷ்கோடி வரை ஹேட்ச்பேக் போகுமா? ஜீப்தான் வேணும் என்று ஒருத்தர் சொன்னார். பையன் கடலில் குளிக்கணும் என்கிறான்.

#11 சேதுக்கரை

ஜீப்பு பழைய கதை. 2017-லேருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, எந்தக் காரும் போகும். ராமேஸ்வரத்துலேயே பெட்ரோல் போட்டுக்குங்க, அதுக்கப்புறம் பங்க் இல்ல. காலையில சீக்கிரம் போங்க. சாயங்காலம் அஞ்சு மணிவாக்குல உள்ளே விடுறதை நிறுத்திடுவாங்க. 1964 டிசம்பர் புயல்ல போன ஊரு, தேவாலயச் சுவரு, ரயில் நிலையச் சுவருன்னு சில இடிபாடுதான் நிக்குது. அதைப் பார்க்கணும்னா திரும்பி வரும்போது இறங்குங்க, போகும்போது நேரா முனைக்குப் போயிடுங்க. பத்து மணிக்கு மேல முனையில வண்டி திரும்பவே அரை மணி ஆகும்.

குளிக்கிற விஷயம். இந்தத் தீவுல ரெண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, அதைப் பெண்கடல்னு சொல்லுவோம். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வாடைக்காத்து அடிக்கிற மாசங்கள்ல, அதாவது நீங்க வர்ற ஜனவரியில, சாதுவா இருக்க வேண்டிய பெண்கடல்தான் கலங்கி அலையடிக்கும், தெற்குப் பக்கம் கொஞ்சம் அடங்கி இருக்கும். ஜூனுக்கு மேல கச்சான் காத்து எழும்பினா தலைகீழ். எந்தப் பக்கம் சாதுங்கிறதைக் காத்துதான் சொல்லும், பேரு சொல்லாது. ஆனா முனையில எந்தக் காலத்துலயும் தண்ணியில இறங்கக் கூடாது. ரெண்டு பக்கத்து நீரோட்டமும் அங்கே மோதுது, கால் வைக்கிற மணலே நகரும். பையனுக்கு அக்னி தீர்த்தம் போதும்.

ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தம் ஆடணும்னா அம்மாவுக்கு மாத்துத் துணி கையில வேணும், ஈரத்தோட மூலவர் சந்நிதிக்கு விடமாட்டாங்க. கல்தளம் வழுக்கும், செருப்பும் இல்லாம நடக்கணும். மதியம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் நடை சாத்தியிருக்கும்.

#12 ஸ்பேனர்

தனுஷ்கோடி சாலையில் கார் மாட்டுவது தாரில் இல்லை, ஓரத்தில். எதிரே பஸ் வருகிறது, அல்லது போட்டோ எடுக்கலாம் என்று இடதுபக்கச் சக்கரத்தை மணலில் இறக்குவார்கள். மேலே காய்ந்த மெல்லிய ஓடு போல் இருக்கும், அடியில் மாவு. நிறுத்தும்போது ஒன்றும் தெரியாது. கிளப்பும்போது முன்சக்கரம் சுழலும், பயத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். பத்து விநாடியில் சக்கரம் பாதி உள்ளே, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பின் சக்கரத்தில் பாரமே இல்லை, எவ்வளவு மிதித்தாலும் வீண்.

சக்கரம் ஒரு சுற்றுச் சும்மா சுழன்ற உடனே காலை எடுங்கள். ஓட்டுநர் தவிர எல்லோரும் இறங்கட்டும். ஸ்டியரிங்கை நேராக வையுங்கள், வளைந்த சக்கரம் மண்வெட்டி மாதிரி மணலை அள்ளிக்கொள்ளும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், பம்பருக்கு அடியிலும் கையால் மணலை வாரி எடுங்கள். பிறகு காற்றைக் குறையுங்கள். 33 இருந்தால் 18 பி.எஸ்.ஐ. வரை. வால்வு ஊசியைச் சாவிமுனையால் அழுத்தினால் போதும், அளவுமானி கையில் இருக்கணும். டயர் சப்பையாகி மணலில் படியும் பரப்பு கூடும், அதுதான் வண்டியை மேலே தூக்குகிறது. தரைவிரிப்பு ரப்பரை முன்சக்கரத்தின் அடியில் செருகுங்கள். டிராக்ஷன் கண்ட்ரோல் பொத்தான் இருந்தால் அணையுங்கள். பெரும்பாலும் வந்த தடத்திலேயே ரிவர்ஸில் வருவதுதான் சுலபம், அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். முன்னோக்கிப் போக வேண்டியிருந்தால் ரெண்டாம் கியர், கிளச்சை மெல்ல விடுங்கள். தள்ளுகிறவர்கள் சக்கரத்துக்கு நேர்ப்பின்னே நிற்கக் கூடாது, விரிப்பு பறந்து முகத்தில் அடிக்கும்.

வெளியே வந்ததும் 18-இலேயே ஊருக்கு ஓட்டாதீர்கள். வளைவில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் சிறு காற்றுப் பம்பு ஒன்று டிக்கியில் இருக்கட்டும். யாராவது கயிறு கட்டி இழுத்தால் டூல் கிட்டில் உள்ள கொக்கியைப் பம்பர் ஓட்டையில் மறை முழுதும் திருகி அதில் கட்டுங்கள். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும்தான் வெளியே வரும்.

கடற்கரைக்குள்ளேயே காரை இறக்கும் ஆசையே வேண்டாம். மாட்டுவது ஒருபுறம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம்.

இனி உப்பு. தனுஷ்கோடியில் அரை நாள் நின்ற கார்க் கண்ணாடியில் உப்புப் படலம் பிடிக்கும். வறண்ட நிலையில் வைப்பரைப் போடாதீர்கள், பால்போலத் தீற்றி எதிர்வெயிலில் ஒன்றுமே தெரியாது, கண்ணாடியிலும் கீறல் விழும். முதலில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு வைப்பர். மறுநாள் காலை பிரேக் தட்டில் செம்மண் நிறத் துரு தெரிந்தால் பயப்படாதீர்கள், நாலைந்து முறை மெதுவாக மிதித்தால் போய்விடும். சென்னை திரும்பியதும் சர்வீஸ் நிலையத்தில் அடிப்பாகம், சக்கர வளைவுகள், ஸ்பிரிங் இருக்கும் குழிகள் எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வெளியே மட்டும் பாலிஷ் போட்டுத் தருவார்கள், கேட்டுச் செய்ய வைக்கணும். முன்னால் ஏசி கண்டென்சர் மீது மட்டும் நேராக அதிக அழுத்தம் வேண்டாம், தகடு மடங்கி ஏசி குளிர்ச்சி குறையும்.

#13 முத்துநகர்

ஐந்தாம் நாளுக்கு ஒரே கட்டளை, காலையில் ஓட்டுங்கள். ராமநாதபுரம் – தூத்துக்குடி சாலை மேற்கும் தெற்குமாகப் போகிறது. மதியத்துக்குப் பின் வெயில் நேராகக் கண்ணில் விழும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னே. ராமேஸ்வரத்திலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் கீழக்கரையில் எட்டு. அங்கே தொதல் வாங்கிக்கொள்ளுங்கள், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டியது. ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார். இரண்டு பக்கமும் பனை, ஆளே இல்லாத சாலை. கிராமத்து வேகத்தடைகளில் பலவற்றில் பெயிண்ட் இருக்காது. வீடுகள் தென்பட்டாலே மூன்றாம் கியருக்கு வந்துவிடுங்கள்.

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்குகிறவர்கள் செய்யும் தவறு, காகிதப் பையில் வாங்கி டேஷ்போர்டில் வைப்பது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் அது. கடற்காற்று பட்டால் அரை நாளில் நமத்துப் பசையாகிவிடும். வீட்டிலிருந்து இறுக்கமான மூடியுள்ள டப்பா கொண்டு வாருங்கள். அடுக்கும்போது கனமான எதையும் மேலே வைக்காதீர்கள். முட்டை சாப்பிடாதவர் அம்மா என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெளியே பார்த்தால் தெரியாது.

திருச்செந்தூர் நடை மதியமும் திறந்தே இருக்கும், அதனால் மூன்று மணிக்கு வந்தாலும் கவலையில்லை.

ஆறாம் நாள் உடன்குடி வழியாக மணப்பாடு. மணல் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில், அங்கிருந்து வளைந்த மணல்நாக்கு, உள்ளே அமைதியான கழி, வெளியே அலை. அம்மாவுக்குக் குன்று ஏறுவது சிரமம் என்றால் வண்டி போகும் வரை மேலே கொண்டு போங்கள். அப்படியே குதிரைமொழித் தேரி பக்கம் போனால் ரத்தச் சிவப்பு மணல்மேடு. தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். ஸ்பேனர் சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

#14 வேளச்சேரிக்காரன்

கருப்பட்டி உடன்குடியில் வாங்கலாமா? கன்னியாகுமரிப் படகு எப்போது?

#15 முத்துநகர்

வாங்கலாம், ஆனால் உங்கள் மாதம் பதநீர்ப் பருவத்துக்கு முந்தியது. கடையில் இருப்பது போன பருவத்துச் சரக்கு. பழசு தவறில்லை, நாளாக நாளாக இறுகும். ஒன்றை உடைக்கச் சொல்லுங்கள். உள்ளே மங்கலாக இருக்கணும். சர்க்கரைத் துகள் பளபளவென்று மின்னினால் அடுத்த கடை. விலை எல்லா இடத்தையும்விட மலிவாகச் சொன்னாலும் அடுத்த கடை.

#16 ஈசிஆர்_சுற்றி

படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கும், வரிசை ஏழுக்கே நிற்கும். கடல் சீற்றமோ நீர்மட்டத் தாழ்வோ வந்தால் அன்றைக்குச் சேவை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் அங்கே ஒரு ராத்திரி தங்கச் சொன்னேன். ஆறாம் நாள் மதியம் முயன்று பாருங்கள், கிடைக்காவிட்டால் ஏழாம் நாள் காலை. விவேகானந்தர் பாறையில் இறங்கினால் 133 அடி வள்ளுவர் சிலைக்கு இப்போது 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வழியாக நடந்தே போகலாம், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. அம்மாவுக்குப் பாறையில் படிகள் நிறைய.

ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உதயம், அஸ்தமனம் ரெண்டுமே கடலில் தெரியும். கோடையில் போகிறவர்களுக்கு அஸ்தமனம் கடலில் கிடைக்காது.

#17 நாகைவாசி

வேறு மாதத்தில் இதே இழையைப் படிக்கிறவர்களுக்கு: ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறும், ஓட்டலில் ஐஸில் வைத்ததுதான் அதிகம். ஆகஸ்ட் 29-இலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்கு ஒரு வாரம் முன்பே காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் ஈசிஆர் ஓரமெங்கும் இருப்பார்கள், ரூமும் கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. கஜா புயல் நவம்பர் 16-இல்தான் வேதாரண்யத்தைப் புரட்டிப் போட்டது, 2018-இல்.

#18 ஸ்பேனர்

கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று எவ்வளவு என்று பார்த்தீர்களா? முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே ஒரு கருவேல முள் போதும்.